கண்ணாடி மூடி

எதைப் பார்த்தாலும் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்ப்பது அந்த அம்மாவின் வழக்கம். கேன்டீன் தட்டில் வைப்பார். கம்பெனிப் பேருந்தின் சன்னல் கண்ணாடியில் வைப்பார். வைத்துவிட்டுக் குனிந்து, பக்கவாட்டில் ஒரு கண்ணால் பார்ப்பார். சொட்டு பரவிப் படர்ந்தால் ‘சுத்தம்’ என்று தலையாட்டுவார். முத்துப்போல உருண்டு நின்றால் உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்துவிடுவார். புதிதாக வந்த பொது மேலாளரின் காரில் ஒருநாள் வைத்துப் பார்த்துவிட்டு, “துட்டு போட்டு வாங்கத் தெரிஞ்சவருக்குக் கழுவத் தெரியல” என்றார். மெழுகு பூசிய கார் அது. சொட்டு நிற்கத்தான் செய்யும். அதை அவரிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை ஒருமுறை சிவப்பு மையால் அடித்தவன் நான். இன்னொரு முறை அதன்மேல் பேனா வைக்க வேண்டாம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலைகளின் கரிக்காற்றுக்கு நடுவே, எங்கள் கம்பெனி உடைந்த எலும்பில் முடுக்கும் டைட்டானியத் திருகாணிகளைச் செய்தது. திருகாணி செய்வது பெரிய வித்தையில்லை. அதன் மேற்பரப்பைச் செய்வதுதான் வித்தை. அமிலத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, உலோகத்தின் தோலில் மிகச் சிறிய பள்ளங்களை உண்டாக்குவோம். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரம் பள்ளங்களை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சிறியவை. எலும்புச் செல்லுக்குக் கண் கிடையாது. அது தன் உடம்பிலிருந்து மெல்லிய இழைகளை நீட்டி, தடவித் தடவி ஊர்ந்து போகும். சரியான அளவுப் பள்ளம் கிடைத்தால் இழை அதில் பற்றிக்கொள்ளும். பற்றிய இடத்திலிருந்து செல்லின் உள்ளே சேதி போகும்: இங்கே தங்கு, எலும்பு கட்டு. பள்ளம் பெரிதாகிவிட்டாலோ, கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒன்று மேலே படிந்துவிட்டாலோ, சேதி போகாது. செல் உருண்டுகொள்ளும். பிடி விட்டு நகர்ந்துவிடும், இல்லையென்றால் செத்துப்போகும்.

இதைப் படித்துத்தான் நான் டாக்டர் பட்டம் வாங்கினேன். மேற்பரப்புப் பிரிவுக்குத் தலைவனாக இருந்தேன். அந்த அம்மா அங்கே திருகாணிகளைத் தட்டில் அடுக்கிக் கழுவும் ஒப்பந்தத் தொழிலாளி. பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்து, பொன்னேரிக்கு வாழ்க்கைப்பட்டவர். எட்டாவது வரை படித்திருந்தார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நுண்ணோக்கியில் எடுத்த செல் படங்களைத் தொழிலாளர்களுக்குக் காட்டி விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் மட்டும் கேட்டார்: “கண்ணு இல்லாததுக்கு எப்புடி சார் தெரியும், தங்கலாமா வேணாமான்னு?” நான் இழைகளைப் பற்றிச் சொன்னேன்.

“எங்க ஊரு சிப்பி மாதிரி” என்றார். “குஞ்சா இருக்கும்போது தண்ணில மெதந்துக்கினு வரும். வழவழன்னு இருந்தா தாண்டிப் போயிரும். சொரசொரன்னு இருந்தாத்தான் குந்தும். குந்திச்சின்னா அப்பறம் உளி வச்சாத்தான் வரும்.”

நான் எழுதிய இருபது பக்கக் கட்டுரையில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. அன்று அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

தண்ணீர்ச் சொட்டை அவருக்குக் காட்டிக்கொடுத்தவனும் நான்தான். நல்ல மேற்பரப்பில் சொட்டு பரவும், கெட்டதில் நிற்கும். அதை அளக்க எங்களிடம் விலையுயர்ந்த கருவி இருந்தது. அவர் அந்தக் கருவிக்குக் காத்திருக்கவே மாட்டார். மருந்துக் கடையில் வாங்கிய சொட்டுக்குழாய் ஒன்று அவர் பையில் எப்போதும் இருந்தது. அவர் சொன்னதும் கருவி சொன்னதும் வேறுபட்டு நான் கண்டதில்லை.

கம்பெனியில் நிரந்தரமானவர்களுக்கு நீலச் சட்டை. ஒப்பந்தக்காரர்களுக்குச் சாம்பல். ஒன்பது வருடம் அவர் சாம்பல் நிறத்தில் வந்து போனார். வேலை குறைந்த மாதங்களில் சாம்பல் சட்டைகளைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள். “நீலம் போட்டுக்கினு ஒரு நாளாவது ஊட்டுக்குப் போவணும் சார்” என்று என்னிடம் இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறார். அவர் எதிர்பார்த்தது அந்த ஒன்றைத்தான். அந்த வருடம், ஆயுத பூஜை முடிந்ததும் பதினோரு பேரை நிரந்தரமாக்கும் பட்டியல் வருவதாக இருந்தது. அதில் அவர் பெயரும் இருந்தது.

அதற்குச் சுமார் ஒரு வருடம் முன்னால், திருகாணிகளைப் போட்டு அனுப்ப நான் ஒரு புதிய பிளாஸ்டிக் பையைத் தேர்ந்தெடுத்தேன். அந்தப் பை வந்த வாரமே அவர் என் மேசைக்கு வந்து, அந்தப் பையிலிருந்து எடுத்த, திருகாணிகளோடு போகும் மாதிரித் தகட்டில் சொட்டு நிற்கிறது என்றார். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். பார்க்கவில்லை. பிறகு வெளியூரிலிருந்து வாங்குவோர் சிலர் வந்தார்கள். முதலாளியும் நின்றிருந்தார். நான் பையைப் பிரித்து, பத்து ரூபாய் நாணயம் அளவுள்ள மாதிரித் தகட்டை எடுத்து, இதன்மேல் தண்ணீர் எப்படிப் பரவும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். தட்டை ஏந்தி நிற்பது மட்டுமே அன்று அவருக்கு வேலை. அவர் சொட்டுக்குழாயை எடுத்து, நான் பேசிக்கொண்டிருந்த தகட்டிலேயே ஒரு சொட்டை வைத்தார். அது கடுகு போல உருண்டு நின்றது.

வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். என்ன காரணம் என்று முதலாளி கேட்டார்.

“பை ஆவாது சார். டாக்டர் சாராண்ட அப்பவே சொன்னேன்” என்றார் அந்த அம்மா.

பையை மாற்றினார்கள். அதன் பிறகு நடந்த கூட்டத்தில், எதையும் அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று முதலாளி என்னிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. இரண்டு பல்கலைக்கழகங்களில் படித்தவன். ஒரு தொழிலாளிப் பெண்ணைப் பழிவாங்க வேண்டும் என்று காலையில் பல் தேய்க்கும்போது நினைப்பேன். அவரை நின்றுகொண்டே வேலை செய்ய வைத்தேன்; நாற்காலியில் தூசு படிகிறது என்று காரணம் சொன்னேன். அவர் தம்பி மகள் திருமணத்துக்குக் கேட்ட விடுப்பைப் பாதியாகக் குறைத்தேன். சொட்டுக்குழாயைத் தடை செய்து ஒரு சுற்றறிக்கை விட்டேன். சோதனை கருவியில் மட்டும்தான் நடக்க வேண்டும் என்று எழுதினேன்.

அவரும் லேசுப்பட்டவர் அல்ல. சுற்றறிக்கை வந்த மறுநாள், கையெழுத்துப் போட என் அறைக்கு வந்தவர், என் குவளையிலிருந்து விரலால் ஒரு சொட்டைத் தொட்டு என் மேசைக் கண்ணாடியில் வைத்தார். குனிந்து பார்த்தார். “உங்க டேபிளு அழுக்கு சார். தொடைக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்கத் தினமும் காலையில் இதேதான் நடந்தது. அறைக்கு வெளியே சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் அந்த மேசையை நானே துடைத்தேன். அடுத்த நாளும் சொட்டு நின்றது.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜையை விடுமுறைக்கு முந்தைய மதியம் செய்வோம். அந்தந்தப் பிரிவின் தலைவர் தன் கையால் இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும் என்பது வழக்கம். எங்கள் பிரிவில் மட்டும் ஒரு விலக்கு இருந்தது. சந்தனம் கதவுக்கு வெளியிலேயே வைக்கப்படும். சாம்பிராணி உள்ளே வராது. முன்பு ஒரு வருடம் பிடிவாதம் பிடித்து அதை வாங்கிக்கொடுத்தவர் அந்த அம்மாதான். சாம்பிராணிப் புகையில் உள்ள எண்ணெய், புதிதாகக் கழுவிய டைட்டானியத்தில் நொடியில் படிந்துவிடும். அவர் சொன்னது முழுக்கச் சரி.

அந்த வருடம் பூஜை உள்ளேயே நடக்கும் என்று அறிவித்தேன். உள்ளே பெரிய ஆர்டர் ஒன்றின் திருகாணிகள் பன்னிரண்டு தட்டுகளில் காய்ந்துகொண்டிருந்தன. அந்தத் தொகுதியின் அட்டையில் அவர் பெயர் இருந்தது. அவர் ஓடிவந்தார்.

“புகை ஆவாது சார். உங்களுக்குத் தெரியாததா?”

“சாமிக்குப் புகை காட்டக் கூடாதுன்னு சொல்றியா?” என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன்.

சுற்றி நின்றவர்கள் முகம் மாறியது. நல்ல நாளும் அதுவுமாக இப்படியா பேசுவது என்று ஒரு பெண் முணுமுணுத்தாள். எனக்கு அது இனித்தது. அவர் தட்டு ஒவ்வொன்றையும் அதற்கான கண்ணாடி மூடியால் மூடினார், பன்னிரண்டையும். பொருத்தம் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு விளிம்பிலும் விரலால் சுற்றிப் பார்த்தார். பிறகு நான் அவரை வாசலில் கோலம் போடுபவர்களுக்கு உதவியாக அனுப்பினேன்.

இனி எழுதுவதை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவி இருந்தவரை அவளிடமும் சொல்லவில்லை.

அறையில் யாரும் இல்லை. தொட்டிகளுக்கும் மின்பெட்டிக்கும் சந்தனம் வைத்து முடித்திருந்தேன். பன்னிரண்டு மூடிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, பக்கத்து மேசையில் மல்லாத்தி வைத்தேன். பிறகு சாம்பிராணித் தட்டை நானே உள்ளே எடுத்து வந்து, அறையைப் பொறுமையாக மூன்று சுற்றுச் சுற்றினேன். புகை தட்டுகளின் மேல் தங்கி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது என் மனத்தில் பக்தியும் இல்லை, பயமும் இல்லை. முதலாளி சிரித்த முகம் இருந்தது. எல்லோரும் கற்பூரம் காட்டும்போது வருவதற்குள் மூடிகளைத் திரும்ப மூடிவிட்டேன்.

பூசணிக்காய் உடைத்து, பொரி பங்கிட்ட பிறகு, அவர் மறுபடி என்னிடம் வந்தார். தட்டுகளை இன்னொரு முறை கழுவ அனுமதி வேண்டும் என்றார். என் கையெழுத்து இல்லாமல் அதைச் செய்ய முடியாது.

“மூடி வச்சுட்டுத்தானே போனே? அப்புறம் எதுக்குக் கழுவணும்?” என்றேன்.

அவர் தலை குனிந்துகொண்டார். கடைசியில் பணிந்துவிட்டார் என்று நினைத்தேன். விடுமுறை முடிந்து எண்ணியபோது மூடிகள் பதினொன்றுதான் இருந்தன. ஒன்று உடைந்திருக்கும் என்று புதிதாக ஒன்று வாங்கச் சொன்னேன்.

அந்தத் தட்டுகளில் இருந்த மாதிரித் தகடுகள் சென்னையிலுள்ள ஆய்வகத்துக்குப் போயின. எலும்புச் செல்களை அவற்றின்மேல் விட்டு வளர்த்துப் படம் அனுப்பினார்கள். ஒரு செல் கூடப் படரவில்லை. இழை நீட்டிய ஒன்றைக் கூடப் பார்க்க முடியவில்லை. அத்தனையும் உருண்டை உருண்டையாக, பிடிக்க இடமில்லாமல் கிடந்தன. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது சந்தோஷம். இதை மறைக்காமல் எழுதுகிறேன். தொகுதி முழுவதையும் அழித்தோம். ஒரு திருகாணியும் யார் உடம்புக்குள்ளும் போகவில்லை. அந்தப் பாவம் ஒன்றுதான் என் மேல் இல்லை.

அறிக்கை நான் எழுதினேன். கையாண்ட தொழிலாளியின் தலையில் இருந்த தேங்காய் எண்ணெய், கையுறை வழியாகத் தட்டுக்கு வந்திருக்கிறது என்று காரணம் காட்டினேன். அறிவியல் சொற்கள் நிறைய இருந்ததால் யாரும் எதிர்க் கேள்வி கேட்கவில்லை. முதலாளி கூட. நிரந்தரப் பட்டியல் என் மேசைக்கு வந்தது. சிவப்பு மையால் ஒரு கோடு போட்டேன்.

ஒப்பந்தத் தொழிலாளிக்கு விசாரணை எதுவும் கிடையாது. நாளையிலிருந்து அனுப்ப வேண்டாம் என்று ஒப்பந்தக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுநாள் காலை அவர் வாசலில் நின்று, என்னை ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும் என்று காவலாளியிடம் சொல்லி அனுப்பினார். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். அறையில் தனியாகத்தான் இருந்தேன். மதியம் வரை சாம்பல் சட்டையோடு வெயிலில் நின்றிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மூன்று வருடத்தில் ஓய்வு பெற்றேன். நல்ல பிரிவுபசாரம். மனைவி போன பிறகு பொன்னேரியில் தனியாக இருக்கிறேன். போன வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. டைட்டானியம் வைத்தார்கள், எங்கள் கம்பெனிச் சரக்கு இல்லை. மூன்றாம் மாதம் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்து, எலும்பு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று மருத்துவர் முதுகில் தட்டினார். எங்கோ ஒருவர் அந்தத் தட்டைச் சரியாக மூடி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அன்று சாப்பிட முடியவில்லை.

பழைய ஆள் ஒருவரிடம் விசாரித்ததில், அந்த அம்மா கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்திலிருந்து பேட்டைக்குப் போகும் சாலையில் நாஷ்டாக் கடை வைத்திருப்பது தெரிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரயிலேறிப் போனேன். தள்ளுவண்டி, தார்ப்பாய், இரண்டு பெஞ்சு. லாரி ஓட்டுநர்களும் சாம்பல் சட்டைக்காரர்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்து, சொட்டுகள் ஓடுவதைக் குனிந்து பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

“வாங்க டாக்டர் சார். குந்துங்க” என்றார். ஆச்சரியமே இல்லை.

ஒரு தோசை போட்டுத் தட்டில் வைத்தார். மற்றவர்களுக்கெல்லாம் அவரே சட்னி ஊற்றினார். எனக்கு ஊற்றவில்லை. சட்னிப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார்.

“மூடியத் தொறந்து ஊத்திக்கோங்க சார். உங்களுக்குத்தான் தொறக்கத் தெரியுமே.”

பாத்திரத்தின் மேல் கண்ணாடி மூடி இருந்தது. விளிம்பில் எங்கள் பிரிவின் எண் பொறித்திருந்தது.

என் கை அதைத் தொடவில்லை. நான்தான் திறந்தேன் என்று சொன்னேன். பக்கத்தில் இருந்த ஓட்டுநர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி சாப்பிட்டார்.

“தெரியும் சார். மூடி வச்சா புகை மேலதான படியணும்? உள்பக்கம் சொட்டு நின்னுச்சி. ஓரத்துல நாலு வெரலு சந்தனம். அன்னிக்கு அந்த ரூமுல சந்தனம் தொட்டவரு ஒருத்தருதான்.” தோசையைத் திருப்பினார். “கழுவணும்னு கேக்க வந்தப்ப உங்க கையத்தான் பாத்தேன். அப்பவும் சந்தனம் போவல.”

அன்று அவர் தலை குனிந்தது அதற்குத்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“யாராண்ட சொல்றது? கம்பெனி கேட்டாண்ட நின்னேன். மீட்டிங்குன்னு சொன்னாங்க.” பிறகு தாமாகவே சிரித்தார். “பொரி மூட்டைக்குள்ள வச்சி எடுத்தாந்தேன். ஒரு வருசம் கழுவாமயே வச்சிருந்தேன், யாராச்சும் கேப்பாங்கன்னு. ஒருத்தரும் கேக்கல. அப்பறம் சட்னிக்கு மூடி இல்லைன்னு கழுவிட்டேன்.”

கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன்.

“எழுதுங்க. எனக்கு அம்பத்தஞ்சி ஆவுது. இனிமே நீலச் சட்டை இன்னாத்துக்கு? அடுப்பு தொடைக்கவா?”

என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். பெஞ்சிலிருந்து எழுந்து, கைகூப்பித்தான் கேட்டேன்.

“அது ஆவாது சார்” என்றார். கோபமில்லாமல், பை ஆவாது என்று அன்று சொன்னாரே, அதே குரலில். “தோசை ஆறுது. தொறங்க.”

திறந்தேன். சாப்பிட்டேன். எழுந்தபோது சட்னிப் பாத்திரம் காலியாகியிருந்தது. மூடியை என்னிடம் நீட்டி, குழாயடியைக் காட்டினார். சோப்புப் போட்டுக் கழுவி எடுத்துவந்தேன். உள்பக்கத்தைத் திருப்பி, விரலால் ஒரு சொட்டு வைத்து, குனிந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“நிக்கிது சார். போய்க் கழுவிக்கினு வாங்க.”

மறுபடி கழுவினேன். மறுபடி நின்றது. அடுத்த வாரம் வரச் சொன்னார்.

கம்பெனிக்கு எழுதினேன், பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு செவ்வாயும் போகிறேன். மூடியை நான்தான் திறக்கிறேன், நான்தான் கழுவுகிறேன். சாப்பிட வருகிறவர்கள் என்னை ‘மூடி தாத்தா’ என்கிறார்கள். அவர் அவர்களைத் தடுப்பதில்லை. பேட்டையின் போர்வெல் தண்ணீரிலும் தேங்காய்ச் சட்னியின் எண்ணெயிலும் அந்தக் கண்ணாடியில் ஒரு நாளும் சொட்டு பரவாது. அது எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாக அவருக்குத் தெரியும். என் காதில் விழும்படி குனிந்து பார்த்து, நிக்கிது என்கிறார். நான் மூடியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறேன்.